பட்டறையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு



சரித்திரம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுந்தாம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் சரித்திரம் உண்டு. மோட்டார் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி இறக்கும் வேலையின் சரித்திரத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டறைக்காரர்கள் மட்டுமே செய்துவந்த அந்த வேலை, சாதாரணக் குடும்பத்தின் வீட்டு முற்றத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமான ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அதனால் இது நமக்குச் சற்றுக் கிட்டத்துச் செய்தியாகவும் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு உறுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். எஞ்சின் பெட்ரோலை எரித்துச் சுழலும் சக்தியைத் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. மிக மெதுவாகச் சுழன்றால் அது நின்றுவிடும். நிற்கும் வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் அதன் வலு தனியே போதாது. கடப்பாரையைக் கொண்டு பாறையைப் புரட்டுகிறவரைப் பாருங்கள். அவர் கை நெடுந்தூரம் நகர்கிறது, பாறையோ ஓர் அங்குலம் நகர்கிறது; ஆனால் பாறை புரண்டுவிடுகிறது. கியர்பாக்ஸ் இதே காரியத்தைப் பல்சக்கரங்களால் செய்கிறது. எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், வலு பெருகும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வேண்டும்போது சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் இருப்பது கிளட்ச்.

எஞ்சின் முன்னால், அதன் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தி என்ற வரிசையைப் பிரான்ஸ் நாட்டின் எமில் லெவசோர் 1891இல் தம் வண்டிகளில் அமைத்தார். உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை நெடுங்காலம் அந்த வரிசையையே பின்பற்றின.

அந்த ஆரம்ப நாள்களில் கார் வைத்திருந்தவர் செல்வர். வண்டியைப் பழுது பார்க்க அவர் கையில் அழுக்குப் பட்டதில்லை. அதற்கென்று ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்த ஆளுக்கு ‘ஷோஃபர்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு, நெருப்பை மூட்டுகிறவன் என்று பொருள். ஓட்டுவது அவன் வேலையில் பாதிதான். மறு பாதி வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பது.

1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ‘மாடல் டி’ கார் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. வாங்கியவர்களில் பெருந்தொகையினர் விவசாயிகள். பட்டறை பல மைல் தூரத்தில் இருக்க, அவர்கள் கையிலிருந்த சாமான்களைக் கொண்டு தாங்களே பழுது பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கார்கள் வளர வளர வேலை மறுபடியும் பட்டறைக்குள் போய்விட்டது. கார்த் தொழிற்சாலைகள் பழுதுபார்க்கும் நூல்களை அச்சிட்டன என்பது உண்மையே. அவை ஏஜெண்டுகளின் பட்டறையில் வேலை செய்யும், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டவை. தொழிற்சாலையே விற்கும் விசேஷக் கருவிகள் இருக்கின்றன என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கருவிகள் இல்லாத சொந்தக்காரர் ஒருவர் அந்த நூலை வாங்கினால், வழியில் பல இடங்களில் அவர் தனியே நிற்க வேண்டியிருந்தது.

இனி அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையிடம் வருவோம். அவர் பெயர் ஜான் ஹேன்ஸ். 1938 மார்ச் 25ஆம் நாள் இலங்கையில் பிறந்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் லயத்தில் பிறந்தவர் அல்லர், பங்களாவில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்தத் தோட்டத்தின் துரை. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். துரை வீட்டுப் பிள்ளை இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் விடுதிப் பள்ளியில் படித்தார். அதே காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால், அந்தத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்களாக ஆனார்கள். ஒரே மலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு எப்படி வேறுபட்டது என்பதை மறந்துவிட்டு இவரை நாம் நம்மவர் என்று கொண்டாட முடியாது. ஆனாலும் அவர் செய்த வேலை நல்ல வேலை. அதனால் பயன் பெற்றவர்கள் பங்களாவில் இருந்தவர்கள் அல்லர், பட்டறைக் கூலி கொடுக்க முடியாதவர்கள்.

பள்ளியில் அவருக்கு ரக்பி விளையாட்டில் நாட்டமில்லை. விளையாட்டு நேரத்தில் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து வேறு உருவில் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். விடுதி ஆசிரியர் சம்மதித்தார். (ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் அந்த விடுதி ஆசிரியரை மதிக்கிறேன். பெரும்பாலோர் மைதானத்துக்குப் போ என்றுதான் சொல்லியிருப்போம்.) ஆஸ்டின் 7 என்பது 1922இல் வெளிவந்த சின்னஞ்சிறு கார். போருக்குப் பின் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்ததால், இளைஞர் பலர் அதன் உடலைக் களைந்துவிட்டுப் பந்தய வண்டி போலக் கட்டிக்கொண்டார்கள். ஹேன்ஸ் தம் வண்டியை விற்க விளம்பரம் கொடுத்தபோது, வண்டி ஒன்றுதான், கேட்டவர்களோ பலர். எல்லாருக்கும் வண்டியைக் கொடுக்க முடியாது. அதைக் கட்டிய விதத்தைக் கொடுக்கலாமல்லவா? 1956இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, படம் வரைந்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். அச்சிட்டது 250 பிரதிகள். பத்து நாளில் அவை விற்றுத் தீர்ந்தன.

பிறகு அவர் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். 1965இல் அவர் ஏடனில் இருந்தார். ஏடன் அரபு நாட்டின் தென்கோடியில் உள்ள துறைமுகம். 1967 வரை பிரிட்டிஷார் வசம் இருந்தது. அங்கே அவருடன் வேலை செய்த ஒருவர் பழுதான ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு, அதைச் சீராக்க உதவி கேட்டார். தொழிற்சாலை வெளியிட்ட நூலை வரவழைத்துப் பார்த்தார்கள். சாதாரணச் சொந்தக்காரருக்கு அது உதவவில்லை. அப்போது ஹேன்ஸ் ஒரு கேமரா வாங்கினார். எஞ்சினைப் பிரிப்பதை முதலிலிருந்தும், மறுபடி பூட்டுவதைக் கடைசி வரையிலும் ஒவ்வொரு படியாகப் படம் பிடித்தார்.

அந்தப் படங்கள் ஏன் வேண்டியிருந்தன? எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்கும் வேலையை ஒரு தடவை மனக்கண்ணால் பார்த்தால் விளங்கும். ஸ்ப்ரைட் 1958இல் வெளிவந்த இரண்டு பேர் அமரும் கார். முதல் வகையின் முகப்பில் இரண்டு விளக்குகளும் தவளைக் கண்போலத் துருத்திக்கொண்டிருக்கும். அதன் முன்பகுதி முழுவதும் மட்கார்டுகளுடன் சேர்ந்து ஒரே மூடியாகத் திறக்கும். ஆகையால் எஞ்சினை எட்டுவது எளிது. எளிது என்றாலும் செய்ய வேண்டியவை எத்தனை! முதலில் பேட்டரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் ஸ்பேனர் தவறிப் பட்டுத் தீப்பொறி பறக்கும். ரேடியேட்டர்த் தண்ணீர், எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் மூன்றையும் வடிக்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்க மறந்தால், சாய்த்துத் தூக்கும்போது அதன் வால்பக்கத் துவாரத்தின் வழியே தரையெல்லாம் கொட்டும். பிறகு ரேடியேட்டரையும் அதன் ரப்பர்க் குழாய்களையும் எடுக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டும். கார்புரேட்டருக்குப் போகும் கம்பிகள், டைனமோவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகும் மின்கம்பிகள், புகைக்குழாய் இணைப்பு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

வண்டிக்குள்ளிருந்து கியர்க் கம்பை எடுக்க வேண்டும். அடியில் போனால், வேகமானியின் கேபிள் இருக்கிறது. கிளட்சைத் தள்ளும் சிறு சிலிண்டர் இருக்கிறது. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு இருக்கிறது. அந்தத் தண்டின் இணைப்பில் இரண்டு பக்கமும் ஒரு கோடு கீறிக்கொள்வது நல்லது. பூட்டும்போது பழைய இடத்திலேயே பொருந்தும், வண்டி ஓடும்போது அதிராது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளை விடுவித்து, சங்கிலி போட்டு, முன்பக்கம் உயர வால்பக்கம் தாழச் சாய்த்து மெல்லத் தூக்க வேண்டும்.

இரண்டையும் ஏன் சேர்த்துத் தூக்குவது, எஞ்சினை மட்டும் தூக்கினால் என்ன என்று கேட்கலாம். அதுவும் முடியும். ஆனால் கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு கிளட்ச் தட்டின் நடுத்துவாரத்தினுள் நுழைந்து நிற்கிறது. பிரிக்கும்போதோ சேர்க்கும்போதோ ஒன்றின் பாரம் முழுவதும் அந்தத் தண்டின்மேல் தொங்கிவிட்டால் கிளட்ச் தட்டு வளைந்துபோகும். பிறகு வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். சேர்த்து வெளியே எடுத்துத் தரையில் வைத்துப் பிரித்தால் இந்த ஆபத்துக் குறைவு. பழகிய மெக்கானிக்குக்கு இது கைவந்த செய்தி. அவர் அதைச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் தோன்றாது. புதியவருக்கோ அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் ஒரு கிளட்ச் போய்விடும். ஹேன்ஸின் கேமரா பிடித்தது இப்படிப்பட்ட சொல்லப்படாத செய்திகளைத்தான்.

ஸ்ப்ரைட் காருக்கான அந்த நூல் 1966இல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. ஒரு காரை வாங்கி, அதை முழுவதும் பிரித்து, மறுபடி பூட்டி, அந்த அனுபவத்தை எழுதுவது என்பதே அந்த நிறுவனத்தின் முறையாயிற்று. எழுதுகிறவர் கையில் எண்ணெய் படாமல் எழுதிய நூல் அல்ல அது. படங்களோடு, உறுப்புகள் ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து சற்று விலகி வரிசையாக நிற்பதுபோன்ற வரைபடங்களும் சேர்ந்தன. பின்னாளில் உலகெங்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

இந்தச் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்ப்ரைட் காரில் இருந்தது ‘ஏ சீரிஸ்’ என்னும் எஞ்சின். அளவு 948 சி.சி. அதே குடும்பத்து எஞ்சின்தான் 1956 முதல் வந்த மோரிஸ் மைனர் 1000 காரிலும் இருந்தது. மலாயாவில் ஆசிரியர்களும் கிராணிமார்களும் டிரெஸ்ஸர்களும் ஆசையோடு வாங்கிய வண்டி மோரிஸ் மைனர். தோட்டத்து மண் பாதையில் அது வரும் சத்தத்தை வைத்தே, வருவது யார் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆக, ஏடனில் கழற்றப்பட்டதும் நம்மூர்ப் பட்டறைகளில் கழற்றப்பட்டதும் ஏறக்குறைய ஒரே எஞ்சின்தான். கழற்றக் கற்றுக்கொண்ட விதந்தான் வேறு.

நம்மிடம் அது கையிலிருந்து கைக்குப் போன வித்தை. பையன் முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். பிறகு மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவுவான். சில ஆண்டு கழித்துத்தான் எஞ்சினைத் தொட விடுவார்கள். நான் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் வயதான ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பால் டின்களை வரிசையாக வைத்து, கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு டின்னிலும் போடுவார். பூட்டும்போது கடைசி டின்னிலிருந்து தொடங்குவார். ஒரு நட்டுக்கூட மிஞ்சாது. ஹேன்ஸ் படத்தில் பிடித்த ஒழுங்கை இவர் பால் டின்னில் பிடித்து வைத்திருந்தார் என்று சொல்லலாம். ஆனால் வேலை முடிந்ததும் டின்கள் காலியாகிவிடும். அடுத்தவர் அதைப் பார்க்க வேண்டுமானால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் போனபோது, அவரைப் போன்றவர்கள் தங்கள் வித்தையோடு எங்கெங்கோ சிதறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படித்தவர்கள். எழுதி வைத்திருக்கக் கூடியவர்கள். கேட்டு எழுத வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த ‘யாரும்’ என்பதில் ஆசிரியர்களாகிய நாங்களும் அடக்கம் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் செய்வதென்றால் ஆபத்தும் வீட்டுக்கு வருகிறது. இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. கம்பத்துகளில் மரக்கிளையில் செயின் பிளாக் கட்டி எஞ்சினைத் தூக்குவார்கள். கிளையின் உள்ளே கரையான் அரித்திருப்பது வெளியே தெரியாது. வீட்டு உத்தரத்தில் கட்டுவது இன்னும் மோசம். கூரையைத் தாங்கச் செய்த மரம் எஞ்சினைத் தாங்கச் செய்ததல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு உரியது. தாங்குவதற்கு இரும்புத் தாங்கி தனியே வேண்டும். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

இதற்கிடையில் காரின் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1959இல் ‘மினி’ காரைக் கொண்டுவந்தார். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததன் விளைவு அது. பத்தடி நீளத்துக்குள் நான்கு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். இடம் மிச்சமாயிற்று. ஆனால் கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தாலும் எஞ்சினோடு சேர்த்து முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இது ஒரு சோதனைதான். 1964இல் இத்தாலியில் தாந்தே ஜகோசா வேறு வழி கண்டார். எஞ்சினைக் குறுக்காகவே வைத்து, கியர்பாக்ஸை அடியில் வைக்காமல் பக்கத்தில் வைத்தார். ‘ஆட்டோபியாங்கி பிரிமுலா’ என்ற காரில் வந்த அந்த அமைப்பே உலகெங்கும் பரவியது. 1985 ஜூலையில் நம் நாட்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் அந்த அமைப்பில் செய்யப்பட்டதுதான்.

பின்னர் வந்த கார்களில் எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆளத் தொடங்கியது. போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும். வண்டிக்கு என்ன நோய் என்று கம்ப்யூட்டரைக் கேட்க வேறு கருவி வேண்டும். அந்தக் கருவியும் அதன் இரகசிய எண்களும் தொழிற்சாலையிடம் இருந்தன. லெவசோர் காலத்துச் செல்வரின் வண்டிபோல, மறுபடியும் வேலை ஒரு கதவுக்குப் பின்னால் போயிற்று. ஆனால் இம்முறை மக்கள் அதைச் சும்மா விடவில்லை. பழுதுபார்க்கும் விவரங்களைத் தனிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இதே கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள்.

ஜான் ஹேன்ஸ் 2019 பிப்ரவரி 8ஆம் நாள் தமது 80ஆம் வயதில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, புதிய கார்களுக்கான பட்டறை நூல்களை இனி அச்சில் கொண்டுவருவதில்லை என்று அவருடைய நிறுவனம் அறிவித்தது. அதே 2020இல் மாசசூசெட்ஸ் மக்கள் இரண்டாவது முறையாக வாக்களித்தார்கள். கார் தானே தொழிற்சாலைக்கு வானலை வழியாக அனுப்பும் விவரங்களும் சொந்தக்காரருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அம்முறை கேட்கப்பட்ட கேள்வி. அதற்கும் பெரும்பான்மையோர் ஆம் என்றே வாக்களித்தார்கள். கார்த் தொழிற்சாலைகள் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போயின.